பட்டியலில் சேர்த்த படம் ஏன் பார்க்கப்படாமலே கிடக்கிறது? – நுகர்வோர் கேள்வி-பதில்

ஓடிடி தளங்களில் படங்களையும் தொடர்களையும் தேடுவது, பட்டியலில் சேர்த்து வைப்பது, பிறருக்குப் பரிந்துரைப்பது ஆகியவை குறித்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். சந்தாப் பணத்தைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. வீணாகும் மாலைப் பொழுதைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கணக்கில் வருபவை. பார்க்காமல் விட்ட படத்துக்கும் நாம் மாதந்தோறும் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

கேள்வி: என் பட்டியலில் 150 தலைப்புகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. எல்லாமே நல்ல படங்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்த்தவைதாம். ஆனால் இரவில் உட்கார்ந்தால் அரை மணி நேரம் தேடிவிட்டு, ஏற்கெனவே பார்த்த ஏதாவதொன்றையே மறுபடியும் போடுகிறேன். பட்டியல் வைத்திருந்தும் ஏன் இப்படி?

பதில்: பட்டியலில் படத்தைச் சேர்க்கும்போது உங்களுக்கு இருக்கும் மனநிலை வேறு, களைத்துப்போய் அதைத் திறக்கும்போது இருக்கும் மனநிலை வேறு. டேனியல் ரீட், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், ஷோபனா கல்யாணராமன் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் காட்டியது. அன்றைக்கே பார்ப்பதற்குப் படம் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது பலர் இலகுவான படங்களையும், சில நாள் கழித்துப் பார்ப்பதற்குத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது கனமான, மதிப்பு மிக்க படங்களையும் எடுத்தார்கள். பத்தாண்டு கழித்து, 2009-இல் கேத்ரின் மில்க்மன், டாட் ராஜர்ஸ், மேக்ஸ் பேசர்மன் ஆகிய மூவர், இணையம் வழியாக டிவிடி வாடகைக்கு விடும் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றின் பதிவுகளை ஆராய்ந்தபோதும் இதுவே தெரியவந்தது: ‘பார்த்தாக வேண்டும்’ என்று நினைத்து வரவழைத்த வட்டுகள் வீட்டில் நீண்ட நாள் தங்கின, ‘பார்க்க ஆசை’ என்று வரவழைத்தவை விரைவில் திரும்பிப் போயின. வட்டாவது மேசைமேல் கிடந்து கண்ணை உறுத்தும். இன்றைய பட்டியலில் உள்ள தலைப்பு அப்படி உறுத்துவதும் இல்லை, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகவே அது வளர்ந்துகொண்டே போகிறது.

இதோடு நேர நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனத்தின் உயர்பொறுப்பில் இருந்த இருவர் 2015-இல் எழுதிய கட்டுரையில், ஒரு சராசரிச் சந்தாதாரர் 60 முதல் 90 வினாடி வரை தேடிய பின் ஆர்வம் இழக்கத் தொடங்குகிறார் என்றும், அதற்குள் 10 முதல் 20 தலைப்புகளை அவர் நோட்டம் விட்டிருப்பார் என்றும் குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்த 90 வினாடியில் 150 தலைப்புகள் கொண்ட பட்டியலை யாராலும் எடைபோட முடியாது. பழகிய படத்தின்மேல் கை போவது சோம்பல் ஆகாது. அந்த நேரத்தில் மனத்துக்கு எளிதாகக் கிடைக்கும் முடிவு அது ஒன்றுதான்.

எனவே பட்டியலை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. களைத்த இரவுக்கு ஒன்று, விடுமுறை நாளின் நிதானமான பொழுதுக்கு ஒன்று, வீட்டார் அனைவரும் சேர்ந்து பார்ப்பதற்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஏழெட்டுத் தலைப்புகளுக்கு மேல் வேண்டாம். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு தலைப்பின் பக்கத்திலும் யார் சொன்னார், எதற்காகச் சொன்னார், எவ்வளவு நேரம் ஓடும் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நானும் முன்பு இருநூறுக்கு மேற்பட்ட தலைப்புகளைச் சேர்த்து வைத்திருந்தவன்தான். ஒருநாள் உட்கார்ந்து அவற்றை வரிசையாகப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றை ஏன் சேர்த்தேன் என்பதே எனக்கு நினைவில் இல்லை. காரணம் தெரியாத தலைப்பை இரவு பத்து மணிக்கு யாரும் திறக்க மாட்டார்கள். காரணம் எழுத முடியாதவற்றையெல்லாம் அன்றே நீக்கிவிட்டேன். அவற்றுள் நல்ல படங்களும் இருந்திருக்கும். நல்ல படத்தை யாராவது ஒருவர் மறுபடியும் நம் காதில் போடுவார். அப்போது காரணத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: என்ன பார்ப்பது என்பதைத் தொலைக்காட்சியை இயக்குவதற்கு முன்பே, முடிந்தால் பகலிலேயே, முடிவுசெய்துவிடுங்கள். முகப்புப் பக்கம் திறந்த பிறகு முடிவெடுப்பது கடினம். அங்கே தானாக ஓடத் தொடங்கும் முன்னோட்டக் காட்சிகள் உங்கள் கவனத்தைத் தம் பக்கம் இழுப்பதற்காகவே வைக்கப்பட்டவை. நெட்ஃப்ளிக்ஸ் 2020-இலிருந்து அவற்றை அணைத்துவைக்க வசதி தந்திருக்கிறது. அமைப்புகள் பகுதியில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: ஒரே படத்துக்கு ஓர் இடத்தில் 95 சதவீதம் என்றும், இன்னோர் இடத்தில் 68 என்றும், வேறோர் இடத்தில் 7.1 என்றும் போட்டிருக்கிறது. எதை நம்பிப் பார்ப்பது?

பதில்: மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் என்பதால், மூன்றும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். 1998-இல் தொடங்கிய ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதம், எத்தனை விமர்சகர்கள் அந்தப் படத்துக்குச் சாதகமாக எழுதினார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. அவர்கள் எவ்வளவு சாதகமாக எழுதினார்கள் என்பது அதில் வராது. நூறு விமர்சகர்களும் ‘பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம்’ என்று எழுதியிருந்தால் அந்தப் படம் நூறு சதவீதம் பெறும். அறுபது பேர் தலைமேல் வைத்துக் கொண்டாடி, நாற்பது பேர் முற்றாக வெறுத்த படமோ 60 சதவீதத்தோடு, அந்தத் தளம் ‘நல்லது’ என்று முத்திரை குத்தும் எல்லைக்கோட்டில் நிற்கும். இவ்விரண்டில் உங்கள் மனத்தில் பல ஆண்டுகள் தங்கப்போகும் படம் இரண்டாவதாக இருப்பதற்கும் வாய்ப்பு உண்டு. மெட்டாகிரிட்டிக் தளம் விமர்சனங்களை மதிப்பெண்களாக மாற்றி, சில வெளியீடுகளுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி காண்கிறது. ஆகவே அங்கே எண் பொதுவாகக் குறைவாகத் தெரியும். ஐஎம்டிபி தளத்தின் எண் பார்வையாளர்களின் வாக்கிலிருந்து வருவது. அதுவும் நேரடிச் சராசரி அன்று, எடையிட்டுக் கணக்கிடப்படுவது.

இவற்றோடு ஓடிடி தளம் காட்டும் ‘பொருத்தம்’ என்ற எண்ணையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நெட்ஃப்ளிக்ஸ் 2017-இல் நட்சத்திர மதிப்பீட்டைக் கைவிட்டு, கட்டைவிரல் உயர்த்துவது, தாழ்த்துவது என்ற முறைக்கு மாறியபோது, தலைப்புகளின் பக்கத்தில் ஒரு பொருத்தச் சதவீதத்தையும் காட்டத் தொடங்கியது. ‘உங்கள் பழக்கத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் இதை விரும்பக்கூடும்’ என்ற கணிப்பு அது. படத்தின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. உங்கள் கணக்கில் 97 என்று காட்டிய படம் உங்கள் அண்ணன் கணக்கில் 61 என்று காட்டினால் அதில் முரண் இல்லை.

வாரந்தோறும் வரும் ‘முதல் பத்து’ வரிசைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2023 ஜூன் முதல் நெட்ஃப்ளிக்ஸ் ‘பார்வைகள்’ என்று வெளியிடும் எண்ணிக்கை, மொத்தம் பார்க்கப்பட்ட மணி நேரத்தை அந்தப் படைப்பின் ஓடும் நேரத்தால் வகுத்து வருவது. இரண்டு பேர் பாதிப் பாதி பார்த்துவிட்டு மூடியிருந்தாலும் அது ஒரு பார்வையாகவே கணக்கில் ஏறும். எனவே அதை முழுதாகப் பார்த்து ரசித்தவர்களின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எண்களை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. எண்ணைப் பார்த்த பிறகு, மிகவும் பாராட்டிய விமர்சனம் ஒன்றையும் கடுமையாகச் சாடிய விமர்சனம் ஒன்றையும், கதையை வெளியிடாத பகுதிகளாகப் பார்த்துப் படியுங்கள். சாடியவர் ‘மெதுவாக நகர்கிறது, பேச்சே இல்லை’ என்று குறைப்பட்டிருந்து, உங்களுக்கு அமைதியான படங்கள் பிடிக்கும் என்றால், உங்களுக்கு அதைவிடச் சிறந்த பரிந்துரை வேறு கிடைக்காது.

கேள்வி: விருந்தினராக வந்த என் தங்கையின் குழந்தைகள் ஒரு வாரம் என் கணக்கில் கார்ட்டூன் பார்த்தார்கள். இப்போது எனக்கு வரும் பரிந்துரைகள் எல்லாம் கார்ட்டூனாகவே இருக்கின்றன. சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். பார்த்தவற்றின் வரலாறு என்ற பகுதிக்குச் சென்று, அந்தத் தலைப்புகளை மறைத்துவிடுங்கள் அல்லது நீக்கிவிடுங்கள். பெரிய தளங்கள் பலவற்றில் இந்த வசதி உண்டு. நீக்கியது பரிந்துரைகளில் எதிரொலிக்க ஒருநாள் வரை ஆகலாம். அடுத்த முறை குழந்தைகள் வரும் முன் அவர்களுக்கென்று தனி ப்ரொஃபைல் ஒன்றைத் திறந்து வையுங்கள். அதனால் உங்கள் பட்டியல் கலையாமல் இருப்பதோடு, அவர்கள் கண்ணில் படக்கூடாதவை படாமலும் இருக்கும்.

கேள்வி: நண்பர்கள் என்னிடம் ‘என்ன பார்க்கலாம்?’ என்று கேட்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தவற்றையே சொல்கிறேன். ஆனால் பெரும்பாலும் ‘பாதியில் நிறுத்திவிட்டேன்’ என்ற பதில்தான் வருகிறது. எப்படிப் பரிந்துரைப்பது?

பதில்: நமக்குப் பிடித்ததைச் சொல்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பரிந்துரை என்பது கேட்பவரைப் பற்றியது. மருந்துக் கடைக்காரர் தமக்கு நன்றாக வேலைசெய்த மாத்திரையை எல்லாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், தாயை இழந்து சில வாரங்களே ஆகியிருந்த ஒரு தோழிக்கு, எனக்கு மிகவும் நெருக்கமான ஒரு படத்தைச் சொன்னேன். அதன் இசை, ஒளிப்பதிவு, உரையாடல் எல்லாம் எனக்கு நினைவிருந்தன. அதில் மருத்துவமனைக் காட்சி ஒன்று நீண்டு வரும் என்பது மட்டும் நினைவில் இல்லை. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் யாருக்கும் கேட்காமல் சொல்வதில்லை.

முதலில் கேட்க வேண்டியது, அவர் அண்மையில் முழுதாகப் பார்த்து முடித்தது எது என்பதை. ‘உங்களுக்குப் பிடித்த படம் எது?’ என்று கேட்டால் பலர் தங்களைப் பற்றித் தாங்கள் வைத்திருக்கும் எண்ணத்தைச் சொல்வார்கள். ‘கடைசியாக எதை முழுதாகப் பார்த்தீர்கள்?’ என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள். அடுத்து, பாதியில் விட்டது எது, எந்த இடத்தில் விட்டார், ஏன் விட்டார் என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடை முதல் விடையைவிடப் பயன்படும், ஏனென்றால் ஒருவர் எதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார் என்பது அவருடைய ரசனையின் எல்லையைத் துல்லியமாகக் காட்டிவிடும். பிறகு, யாருடன் பார்க்கப்போகிறார், எவ்வளவு நேரம் இருக்கிறது, டப்பிங்கில் பார்ப்பாரா அல்லது வசன வரிகளைப் படிக்கும் பொறுமை இருக்கிறதா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோருடன் அமர்ந்து பார்ப்பவருக்கும் தனியே ஹெட்ஃபோன் மாட்டிப் பார்ப்பவருக்கும் ஒரே படத்தைச் சொல்ல முடியாது.

இவ்வளவும் கேட்ட பிறகு ஒரே ஒரு தலைப்பைச் சொல்லுங்கள், மிஞ்சினால் இரண்டு. ஏழு தலைப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பவர், தேர்ந்தெடுக்கும் சுமையை அப்படியே அவரிடம் திருப்பித் தருகிறார். சொல்லும்போது கதையைச் சுருக்கிச் சொல்வதைவிட, அந்தப் படத்தோடு இருப்பது எப்படிப்பட்ட அனுபவம் என்று சொல்வது உதவும். ‘இரண்டு மணி நேரம் பத்து நிமிடம், முதல் முக்கால் மணி நேரம் நிதானமாகப் போகும், ஒரு சாவு உண்டு, ரத்தம் இல்லை, முடிவு மனத்தை அழுத்தாது’ என்று சொன்னால், இன்றைக்குப் பார்ப்பதா, ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதா என்பதை அவரே முடிவுசெய்துகொள்வார். தொடராக இருந்தால், எந்த எபிசோடு வரை பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்ற எல்லையையும் சொல்லிவிடுங்கள். ‘மூன்றாவது வரை பாருங்கள், அதற்குமேல் பிடிக்காவிட்டால் உங்களுக்கு இது ஒத்துவராது’ என்று சொல்வது அவருக்குக் கொடுக்கும் மரியாதை. அவருடைய எட்டு மணி நேரத்தை நாம் கேட்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

‘வாழ்நாளில் இப்படி ஒன்றை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள்’ என்று ஏற்றிச் சொல்வதையும் தவிர்த்துவிடுங்கள். அவ்வளவு உயரத்தில் வைத்த பிறகு எந்தப் படமும் ஒரு படி கீழே இறங்கித்தான் தெரியும். சொன்ன பிறகு ‘பார்த்துவிட்டீர்களா?’ என்று வாரந்தோறும் விசாரிப்பதும் அப்படித்தான். விருப்பமாகச் சேர்த்தது அன்றோடு கடமையாக மாறிவிடும். கடமையான தலைப்பு பட்டியலின் அடிக்குப் போய்விடும்.

கேள்வி: மூன்று தளங்களுக்குச் சந்தா கட்டுகிறேன், மூன்றிலும் தனித்தனிப் பட்டியல் இருக்கிறது. பார்க்கலாம் என்று போனால் சில படங்கள் அங்கிருந்தே காணாமற்போய்விடுகின்றன. என்ன செய்வது?

பதில்: ஒரு தளம் தானே தயாரிக்காத படங்களைப் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் பெற்றுத்தான் காட்டுகிறது. உரிமக் காலம் முடிந்ததும் படம் விலகிவிடும்; பல நேரம் வேறொரு தளத்தில் மறுபடியும் தோன்றும். ஆகவே உங்கள் பட்டியல் எந்த ஒரு தளத்துக்குள்ளும் இருக்கக் கூடாது. 2011-இல் நியூசிலாந்தில் தொடங்கப்பட்ட லெட்டர்பாக்ஸ்ட் போன்ற தளத்திலோ, ஐஎம்டிபி கணக்கிலோ வைத்துக்கொள்ளலாம். பெர்லினிலிருந்து இயங்கும் ஜஸ்ட்வாட்ச், ஒரு தலைப்பு உங்கள் நாட்டில் இப்போது எந்தத் தளத்தில் கிடைக்கிறது என்பதைக் காட்டும். இவை எதுவும் வேண்டாம் என்றால் கைபேசியின் குறிப்பேடே போதும். நான் கடைசியில் குறிப்பேட்டுக்குத்தான் திரும்பினேன், ஏனென்றால் ‘யார் சொன்னார், ஏன்’ என்ற அந்த ஒரு வரியைத் தடையில்லாமல் எழுத அதில்தான் இடம் இருந்தது.

பட்டியல் வெளியே வந்துவிட்டால் சந்தாவும் உங்கள் பிடிக்குள் வந்துவிடும். மூன்று தளங்களுக்கும் ஆண்டு முழுவதும் கட்டுவதற்குப் பதிலாக, பட்டியலில் உள்ளவற்றில் எந்தத் தளத்தில் அதிகம் இருக்கின்றன என்று பார்த்து, அதற்கு மட்டும் ஒரு மாதம் கட்டுங்கள். முடித்துவிட்டு அடுத்ததற்கு மாறுங்கள். சேர்ந்த அன்றே தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை ரத்து செய்துவிடுவது நல்லது. பெரும்பாலான தளங்களில் கட்டிய காலம் முடியும் வரை தொடர்ந்து பார்க்கலாம். இலவச முன்னோட்டக் காலத்தில் மட்டும், ரத்து செய்த உடனேயே இணைப்பைத் துண்டிக்கும் தளங்களும் உண்டு. அங்கே கடைசி நாளுக்கு முந்தைய நாளைக் கைபேசியில் நினைவூட்டலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் சந்தாவில் கணக்குப்படி மாத விலை குறையும். ஆனால் ஆண்டில் நான்கு மாதம்தான் அந்தத் தளத்தைத் திறக்கிறீர்கள் என்றால் அந்தத் தள்ளுபடியால் உங்களுக்குப் பயன் இல்லை. தள்ளுபடியைப் பார்க்கும் முன், சென்ற மூன்று மாதத்தில் எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் மிகவும் பிடித்த படங்களை டிஜிட்டலாக விலைக்கு ‘வாங்கி’ வைத்துக்கொள்வது பாதுகாப்பானதா?

பதில்: ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தினாலும் பெரும்பாலும் உங்களுக்குக் கிடைப்பது பார்ப்பதற்கான உரிமம்தான், பொருள் அன்று. அந்தக் கடை மூடப்பட்டாலோ, அதற்கும் தயாரிப்பாளருக்கும் உள்ள ஒப்பந்தம் முறிந்தாலோ உங்கள் நிலை கேள்விக்குறியாகும். ஹாலிவுட் நிறுவனங்கள் பல சேர்ந்து நடத்திய அல்ட்ராவயலட் என்ற சேவை 2019 ஜூலை 31-இல் மூடப்பட்டபோது, அதில் படங்கள் வைத்திருந்தவர்கள் அவற்றை இழக்காமலிருக்கத் தங்கள் கணக்கை விற்பனைத் தளம் ஒன்றோடு முன்கூட்டியே இணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அறிவிப்பைக் கவனிக்காதவர்களுக்கு அது பெரும் சிக்கல். 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள கலிபோர்னியா மாநிலச் சட்டம் ஒன்று, விற்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாக அறிவிக்காமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகும் கையில் இருக்க வேண்டும் என்று நினைக்கும் படத்துக்கு, வட்டு கிடைக்குமானால் வட்டையே வாங்குங்கள்.

கேள்வி: தளம் எனக்கு ஒரே மாதிரியான படங்களையே காட்டிக்கொண்டிருக்கிறது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் வழி தெரியும். உங்களைப் போலப் பார்த்தவர்கள் வேறு எதைப் பார்த்தார்கள் என்று ஒப்பிட்டுச் சொல்லும் முறைக்குக் கூட்டு வடிகட்டல் என்று பெயர். 1990-களில் உருவான இந்த முறையைக் கொண்டு மினசோட்டா பல்கலைக்கழகம் 1997-இல் தொடங்கிய மூவிலென்ஸ் தளம் இன்றும் இயங்குகிறது. 2006-இல் நெட்ஃப்ளிக்ஸ் தன் கணிப்பின் துல்லியத்தைப் பத்து சதவீதம் உயர்த்துபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தது. 2009-இல் ஒரு குழு அதை வென்றது. ஆனால் வென்ற முழு வழிமுறையையும் நிறுவனம் பயன்பாட்டுக்குக் கொண்டுவரவில்லை. கூடுதலாகக் கிடைத்த துல்லியம் அதற்கான பொறியியல் உழைப்புக்கு ஈடாகவில்லை என்று அதுவே பிறகு விளக்கியது. அதற்குள் டிவிடியிலிருந்து ஸ்ட்ரீமிங்குக்கு வணிகம் மாறியிருந்தது. நீங்கள் எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்பதைவிட, நீங்கள் எதை உண்மையில் ஓட்டிப் பார்க்கிறீர்கள் என்பதே நிறுவனத்துக்குத் தெரியத் தொடங்கியது. மேலே சொன்ன 2015 கட்டுரையின்படி, அங்கே பார்க்கப்படும் நேரத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் பரிந்துரை வழியாகவே வருகிறது.

இந்த முறைக்கு இயல்பிலேயே ஒரு குறை உண்டு. நீங்கள் இதுவரை தொடாத வகையைப் பற்றி அதனிடம் எந்தத் தடயமும் இல்லை. தடயம் இல்லாததைக் காட்ட அது தயங்கும். காட்டாததை நீங்கள் பார்க்கப்போவதில்லை. இந்த வட்டத்தை நீங்கள்தான் வெளியிலிருந்து உடைக்க வேண்டும். நான் பின்பற்றும் வழி, பிடித்த படத்தின் இயக்குநரைவிட்டு, அதன் ஒளிப்பதிவாளரையோ படத்தொகுப்பாளரையோ எழுத்தாளரையோ பின்தொடர்வது. இயக்குநரைத் தொடர்ந்தால் அதே உலகத்துக்குள்ளேயே இருப்போம். ஒளிப்பதிவாளர் வெவ்வேறு இயக்குநர்களிடம், சில சமயம் வெவ்வேறு மொழிகளில், வேலை செய்திருப்பார். அவருடைய பெயரைப் பிடித்துக்கொண்டு போனால், தேடுபெட்டியில் நமக்குத் தட்டத் தோன்றியே இருக்காத படத்தின் வாசலில் போய் நிற்போம். இந்த ஒரு பழக்கம் எனக்குக் கொடுத்த படங்களை வேறு எதுவும் கொடுத்ததில்லை.

பிரிட்டனின் சைட் அண்ட் சவுண்ட் இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்குக் கேட்டு வெளியிடும் வரிசையும் உதவும். ஆனால் அதன் முதல் பத்தோடு நின்றுவிடாதீர்கள். 2022 வாக்கெடுப்பில் 1,600-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். ஒவ்வொருவரும் தேர்ந்தெடுத்த பத்துப் படங்களும் தனித்தனியே இணையத்தில் கிடைக்கின்றன. உங்களுக்குப் பிடித்த இரண்டு படங்கள் இடம்பெற்றிருக்கும் தனிப் பட்டியல் ஒன்றைக் கண்டுபிடித்தால், மீதி எட்டையும் காரணத்தோடு உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். முகம் தெரியாத ஒருவரின் மனம் உங்கள் மனத்தோடு ஒத்துப்போகிறது என்பதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

கேள்வி: நான் பார்த்த படங்களின் பட்டியலையும் மதிப்பெண்களையும் எல்லாரும் பார்க்கும்படி வைக்கலாமா? படங்கள்தானே, இதில் மறைக்க என்ன இருக்கிறது?

பதில்: விரும்பினால் வைக்கலாம், ஆனால் தெரிந்து வையுங்கள். மேலே சொன்ன பரிசுப் போட்டிக்காக நெட்ஃப்ளிக்ஸ் பெயர் நீக்கி வெளியிட்ட, ஏறத்தாழ 4,80,000 சந்தாதாரர்களின் 10 கோடி மதிப்பீடுகளை, அரவிந்த் நாராயணன், விட்டாலி ஷ்மாட்டிகோவ் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். ஒருவர் கொடுத்த எட்டு மதிப்பீடுகளும் அவற்றின் தேதிகளும் ஓரளவு தெரிந்தால், அவற்றுள் இரண்டு தவறாகவே இருந்தாலும், 99 சதவீதப் பதிவுகளைத் தனியே அடையாளம் காண முடியும் என்று 2008-இல் அவர்கள் காட்டினார்கள். ஐஎம்டிபி தளத்தில் வெளிப்படையாக இருந்த மதிப்பீடுகளோடு அவர்கள் ஒப்பிட்டும் பார்த்தார்கள். நெட்ஃப்ளிக்ஸ் அடுத்து நடத்தத் திட்டமிட்டிருந்த இரண்டாவது போட்டி 2010-இல் கைவிடப்பட்டதற்கு இந்தத் தனியுரிமைச் சிக்கலே காரணம். ஒருவர் என்ன பார்க்கிறார் என்பதிலிருந்து அவருடைய அரசியல், சமயம், உடல்நலக் கவலை, அந்தரங்க விருப்பம் எல்லாவற்றையும் ஊகிக்க முடியும். அமெரிக்காவில் 1987-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஒருவரின் வீடியோ வாடகைப் பட்டியல் செய்தித்தாளில் வெளியான பிறகுதான், 1988-இல் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. எனவே நண்பர்களுக்கு மட்டும் தெரியும்படி வைப்பது போதும். பொதுவில் வைத்தே ஆக வேண்டுமென்றால் உங்கள் முழுப் பெயரையும் படத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு தொடரின் இரண்டாவது சீசன் வரை வந்துவிட்டேன். இப்போது பிடிக்கவில்லை. இவ்வளவு தூரம் பார்த்துவிட்டதால் முடித்துவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். செலவழித்த நேரம் திரும்பி வரப்போவதில்லை. செலவழிக்கப்போகும் நேரம் மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. முடிவு என்னவாகிறது என்ற ஆவல் மட்டும் அரிக்கிறது என்றால் அதை எங்காவது படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: நெருங்கிய நண்பர் ஒருவர் மனமாரப் பரிந்துரைத்த படம் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் வருத்தப்படுவாரோ என்று ‘நன்றாக இருந்தது’ என்று சொல்லிவிட்டேன். இப்போது அதே மாதிரிப் படங்களாகச் சொல்கிறார்.

பதில்: அவர் செய்வது சரியே, உங்களிடமிருந்து கிடைத்த விடையை நம்பித்தான் அடுத்ததைத் தேடி எடுக்கிறார். அடுத்த முறை பிடித்ததா, பிடிக்கவில்லையா என்ற ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமல், இடத்தைச் சொல்லுங்கள். ‘அந்த ரயில் நிலையக் காட்சி வரை நன்றாக ஒன்றிப்போனேன், அண்ணன் திரும்பி வந்த பிறகு எல்லாரும் பேசிக்கொண்டே இருந்ததால் விலகிவிட்டேன்’ என்று சொன்னால், அவர் வருத்தப்படுவதற்கு முன் யோசிக்கத் தொடங்கிவிடுவார். நீங்கள் கவனித்துப் பார்த்திருக்கிறீர்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அடுத்து அவர் சொல்லும் படத்தில் பேச்சு குறைவாக இருக்கும்.